டில்லிபாபுவின் கால்

என் மனைவி டில்லிபாபுவின் காலில் தூங்கினாள். முன் இருக்கையில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, என் இரண்டு கண்ணாலும் அதைப் பார்த்தேன்.

படிக்கிறவர்களுக்கு அசிங்கமாகப் படலாம். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் பட்டது. வண்டி மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டரில் கம்பெனியின் சோதனைத் தடத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிற இருக்கையில் ஆள் இல்லை. ஆனால் வண்டிக்குள் ஓர் ஆளின் கால் இருந்தது. எங்கே மிதிப்பது, எவ்வளவு விடுவது, வளைவுக்கு முன் எப்படித் தயங்குவது என்று ஒரு மனிதனின் வலது கால் இருபத்தைந்து வருடத்தில் கற்றுக்கொண்டதை எல்லாம் சாப்பாட்டு டப்பா அளவுள்ள ஒரு பெட்டிக்குள் ஏற்றி, அந்தப் பெட்டியிடம் வண்டியைக் கொடுத்திருந்தார்கள். பின் இருக்கையில் அமுலு வாயை லேசாகத் திறந்தபடி, கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். பதினேழு வருடக் குடும்பத்தில் நான் ஓட்டிய எந்த வண்டியிலும் அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடியதில்லை. மூடாததோடு வாயும் மூடமாட்டாள். ஏறியது முதல் இறங்கும் வரை பேச்சு. யார் வீட்டில் என்ன குழம்பு, எவள் எவளோடு சண்டை, நான் ஏன் பதில் சொல்லவில்லை.

அந்த வாய் அன்றைக்குப் பேச்சில்லாமல் கிடந்தது.

என் பெயர் கன்னியப்பன். நானும் டில்லிபாபுவும் பல்லாவரம் பக்கத்துக் கல் குவாரியில் பிறந்து வளர்ந்தவர்கள். என் அப்பா பாறைக்கு வெடிக்குழி போட்டார், அவன் அப்பா கல் உடைத்தார், இரண்டு அம்மாக்களும் ஜல்லி சுமந்தார்கள். இருபது வயதில் இரண்டு பேரும் டிப்பர் லாரியில் ஏறினோம். சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் லோடுக்கு மேலேயே உட்கார்ந்து ஊருக்குள் வருவார்கள். முதலாளி தனி வண்டி விட்டதில்லை. குவாரிப் பாதையில் செங்குத்தான இறக்கம், நடுவே ஒரு வளைவு. வளைவுக்கு முன்னால் ஓட்டுகிறவன் பெடலில் காலால் இரண்டு தட்டுத் தட்டுவான். வண்டி லேசாக இரண்டு தரம் தலையாட்டும். மேலே இருக்கிறவர்கள் பக்கப் பலகையைப் பிடித்துக்கொள்வார்கள். கல் அரைக்கிற கிரஷர் சத்தத்தில் ஹாரன் யாருக்கும் கேட்காது, அதனால் தட்டு. ஒருத்தன் சொல்லாமல் திருப்பி, மூன்று பெண்கள் கீழே விழுந்து, அதில் ஒருத்தி எழுந்திருக்காமல் போன பிறகு வந்த பழக்கம் அது.

குவாரி ஆழம் போய்த் தண்ணீர் நின்றது. மூடினார்கள். ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் சோதனை ஓட்டுநர் வேலை கிடைத்தது. முதலில் டில்லிக்குக் கிடைத்தது. என்னை உள்ளே சேர்த்துவிட்டவனும் அவன்தான். அன்றைக்கே எனக்குள் புழு நெளிய ஆரம்பித்தது. அவனால் வந்தேன் என்று யாரும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் வீட்டு முருங்கை காய்த்தால் எனக்கு வயிறு எரியும். மேனேஜர் அவன் தோளில் கை போட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. பொறாமை என்பது எனக்கு ஒரு நோய் மாதிரி இல்லை, ஒரு ஷிப்ட் வேலை மாதிரி. தினமும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவேன்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி. முன்னால் பெட்ரோல் எஞ்சின், பின்னால் இரண்டு மோட்டார், தரைக்கு அடியில் பேட்டரி. வீட்டு ப்ளக்கில் சொருகிச் சார்ஜ் போட்டால் ஊருக்குள் சத்தமில்லாமல் கரண்டில் ஓடும். மிதித்தால் எஞ்சினும் சேர்ந்துகொள்ளும். அறுநூறு குதிரை சக்தி. ஏழு பேரையும் அவர்கள் மூட்டை முடிச்சையும் தூக்கிக்கொண்டு நான்கு வினாடியில் நூறைத் தொடும். நாங்கள் யானைக்குட்டி என்று பெயர் வைத்தோம். கோளாறு ஒன்றுதான். எஞ்சின் சேர்கிற இடத்தில் ஓர் உதை.

எஞ்சினியர் பர்வீன் மேடம் வாணியம்பாடிக்காரர். படித்த திமிர் இல்லாத ஆள். எங்கள் இரண்டு பேரையும் ஷெட்டுக்குள் கூப்பிட்டு நிற்கவைத்து விளக்கினார்.

"மோட்டார் சொன்ன உடனே இழுக்கும்ணே. எஞ்சின் அப்படி இல்ல. எழுந்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் இழுக்கும். அரை செகண்ட். அந்த அரை செகண்ட்ல ஒண்ணு கையிலேர்ந்து இன்னொண்ணு கைக்கு வண்டி மாறுது."

"அத கம்ப்யூட்டர்ல சரி பண்ண முடியாதா மேடம்?" என்றான் டில்லி.

"பண்ணிட்டோம். மீட்டர்ல பாத்தா உதையே இல்ல. ஆனா பின்னாடி உக்கார்ற குழந்தைங்க வாந்தி எடுக்குதுங்க. மீட்டர் வாந்தி எடுக்காதே."

"எங்களுக்கு இன்னா வேலை?"

"இருபத்திரண்டு ஓட்டுநர்ல நீங்க ரெண்டு பேர் ஓட்டினா மட்டும் பின்னாடி யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஏன்னு எங்களுக்குப் புரியல. புரியாததால உங்க காலை அப்படியே பதிவு பண்ணப் போறோம். சென்சார் வெச்ச ஷூ. மூணு மாசம். ரெண்டு பேர் காலும் பதிவாகும், ஒருத்தர் காலுதான் வண்டிக்குள்ள போகும். எத்தனை லட்சம் வண்டி வித்தாலும் அத்தனையிலயும் அந்த ஒரு கால்தான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒருத்தன் கால், நாட்டில் இருக்கிற பணக்காரக் குடும்பங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போகப்போகிறது. டில்லி வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு காலு போதும்னா, மிச்சம் இருபத்தோரு ஜோடி காலு இன்னா பண்ணும் மேடம்?"

மேடம் கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார். "அது என் கையில இல்லண்ணே."

நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் கால் தேறிவிட்டால் மிச்சக் கால்களைப் பற்றி எனக்கென்ன என்று இருந்தேன்.

பதிவு தொடங்கிய வாரம் ஒருநாள் டில்லி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஞ்சின் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் பெடலை விட்டுப் பிடித்தான். இரண்டு தரம். குவாரித் தட்டு. மதியம் கேன்டீனில் எல்லாரும் இருக்கும்போது எடுத்துவிட்டேன்.

"மச்சான், உன் கூட வந்தா ஜல்லி லோடு மேல வர்ற மாதிரியே கீதுடா. தட்டு, தட்டு. ஏசி வண்டிடா அது. பின்னால கூடையோட பொம்பளைங்க ஏறியிருக்காங்களா, பாத்து சொல்லு."

மேசை முழுக்கச் சிரித்தது. ஒருத்தன் 'ரெட்டத் தட்டு டில்லி' என்று பெயரே வைத்துவிட்டான். டில்லியும் சிரித்தான். பிறகு தக்காளி சாதத்தைப் பிசைந்தபடி கேட்டான்.

"நீ தட்டறதில்லியா?"

"நான் அந்தப் பழக்கத்த எல்லாம் குவாரியிலயே உட்டுட்டு வந்துட்டேன்."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். பல்லாவரம் என்று சொல்லவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. நகத்திடுக்கில் இருந்த கல் தூள்வரை கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமுலு அதே கம்பெனியில் இருக்கைத் துணி தைக்கும் பிரிவில் இருந்தாள். பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுப்பாள். ஷேர் ஆட்டோவிலும் எடுப்பாள். ஸ்டாஃப் பஸ் அவளுக்காகவே வல்லக்கோட்டை முனையில் தினமும் ஒரு நிமிடம் நிற்கும். சோதனைக்குப் பன்னிரண்டு பயணிகள் தேவை என்று பர்வீன் மேடம் தேடியபோது முதல் பெயர் அவளுடையது.

"என்னியும் சேத்துட்டாங்கயா, வாந்தி எடுக்கற வேலைக்கு" என்று வந்து சொன்னாள்.

"ரெண்டு வண்டி. எதுல உனக்கு நல்லா இருந்துச்சோ அதுக்கு நெறைய மார்க் போடணும். யாரு காலு எந்த வண்டியிலன்னு யாருக்கும் தெரியாது."

"உனக்குமா?"

"எனக்குந்தான். ஆனா நீ எனக்குப் போட்டுடு."

"எது உன்துன்னே தெரியாம எப்படியா உனக்குப் போடறது? நெத்தியில எழுதி ஒட்டியிருக்குமா?"

சோதனை நாளில் ஒரே நிறத்தில் இரண்டு வண்டி நின்றது. எந்த எஞ்சினியருக்கும் ஒருபக்கச் சாய்வு வரக்கூடாது என்று எண்களை எல்லாம் மறைத்திருந்தார்கள். கதவில் காந்தத் தகடு மட்டும். ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள். எந்தப் பெட்டி யாருடையது என்பது தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஆபத்தென்றால் வண்டியை நிறுத்த எனக்கும் டில்லிக்கும்தான் பயிற்சி என்பதால், சிவப்புப் பொத்தானோடு முன்னால் நாங்கள் மாறி மாறி உட்கார்ந்தோம். அமுலு போன இரண்டு ஓட்டத்திலும் முறை எனக்கு வந்தது.

மஞ்சள் வண்டியில் எஞ்சின் சேர்ந்தபோது அமுலு கையிலிருந்த பாலிதீன் பையைப் பிரித்தாள். வாந்தி எடுக்கவில்லை, ஆனால் முகம் வெளுத்தது. இறங்கியதும் தடத்து ஓரமாகக் குந்தி உட்கார்ந்தாள்.

நீல வண்டியில் எஞ்சின் சேர்வதற்கு முன்னால் தட்டு வந்தது. இரண்டு தட்டு. என் முதுகெலும்புக்கு அது தெரியும். டில்லி. திரும்பிப் பார்த்தேன். அமுலு இரண்டாவது சுற்றிலேயே தூங்கிவிட்டாள்.

அந்த எட்டு நிமிடம் எனக்கு எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. அவளை வேறு ஆளோடு பார்த்திருந்தால்கூடச் சட்டையைப் பிடித்திருப்பேன். இங்கே யார் சட்டையைப் பிடிப்பது? ஓட்டுகிற இருக்கை காலி. ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. அந்தக் கால் அவளைத் தாலாட்டிக்கொண்டே போனது. வண்டி நின்றதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான்யா நல்லா இருந்துச்சி" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் நீலத்துக்குப் போட்டார்கள். சீட்டுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள்.

மதியம் பிரியாணி. மொத்தக் கூட்டமும் கேன்டீனுக்குப் போனது. நான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனேன். காந்தத் தகட்டைக் கழற்ற விரல் நகம் போதும். நீலத்தை மஞ்சள் வண்டிக்கு, மஞ்சளை நீல வண்டிக்கு. மிஞ்சிப் போனால் முப்பது வினாடி. கையைக் கழுவிக்கொண்டு பிரியாணிக்குப் போனேன்.

நான்கு மணிக்கு எல்லாரையும் நிற்கவைத்து, நீலத் தகடு இருந்த வண்டியிலிருந்து பெட்டியை எடுத்தார்கள். மேனேஜர் உறையைக் கிழித்தார். பெட்டி எண்ணைப் படித்தார். பிறகு பெயரைப் படித்தார்.

"டில்லிபாபு."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை மரத்துப்போனது. தகட்டை மாற்றிய பிறகும் அவன் பெயர் வருகிறது என்றால், மாற்றுவதற்கு முன் நீலத்தில் இருந்தது என் பெட்டி. தட்டியது என் கால். அமுலு தூங்கியது என் காலில்.

வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமுலு அங்கேயே, எனக்கு நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். வேறு கம்பெனி கையில் கிடைத்துவிடக் கூடாது என்பது விதி என்று சொல்லி, மற்ற பெட்டியை எங்கள் கண் முன்னாலேயே அழுத்தும் இயந்திரத்தில் வைத்தார்கள். சாப்பாட்டு டப்பா அளவு இருந்தது சாப்பாட்டுத் தட்டு ஆனது.

நான்கு நாள் கழித்துப் பர்வீன் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கிராஃப் ஒத்துப்போகலண்ணே. காலையில பன்னிரண்டு பேர் உடம்புல மாட்டின சென்சார் சொன்னது ஒண்ணு, இந்தப் பெட்டி சொல்றது ஒண்ணு. மதியம் யாராவது வண்டிகிட்ட போனாங்களா?"

"தெரியல மேடம்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிண்ணே" என்றார். மேலே எழுதிப் போட்டார். வண்டி வெளிவரும் தேதியைக் குறித்தாகிவிட்டது, யாரும் கேட்கவில்லை.

டில்லிக்கு மாலை போட்டார்கள். வலது கணுக்காலில் சாம்பல் நிறப் பட்டை ஒன்றையும் மாட்டினார்கள். இப்போது வருகிற வண்டி எல்லாம் ஓட்டுகிறவன் காலைக் கவனித்துக் கற்றுக்கொள்கிற வண்டி. வெளியே எங்கேயாவது ஓட்டினால் அவன் கால் திருட்டுப் போய்விடும். அதனால் பத்து வருடத்துக்கு அவன் எந்த வண்டியின் பெடலையும் தொடக்கூடாது. தொட்டால் பட்டை கத்தும், கம்பெனிக்குச் சேதி போகும், கொடுத்ததை எல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள். நாங்கள் இருவருமே கையெழுத்துப் போட்ட தாளில் அது இருந்தது. படிக்கவில்லை.

அந்தப் பட்டை மேலும் எனக்குப் பொறாமை வந்தது. பூட்டிவைக்கும் அளவுக்கு மதிப்புள்ள காலாக இருக்கிறதே என்று.

மிச்சம் இருபத்தோரு பேரையும் அந்த மாதக் கடைசியில் அனுப்பினார்கள். நான் தண்ணீர் லாரிக்குப் போனேன். அங்கேயும் எப்போதும்போலக் காலையில் ஒரு ஷிப்ட், சாயங்காலம் ஒரு ஷிப்ட்.

யானைக்குட்டி கடைக்கு வந்தது. விளம்பரத்தில் டில்லியின் வெறும் காலைக் காட்டினார்கள். ஷோரூமில் அவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வருகிறவர்கள் அவன் காலோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் புகார் வர ஆரம்பித்தது. பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். எஞ்சின் சேர்கிற அந்த உதைக்கு ஜனங்களே பெயர் வைத்தார்கள். டில்லி உதை. கேலிப் படம், கேலிப் பாட்டு. ஷோரூமிலிருந்து நாற்காலியை எடுத்துவிட்டு அவனைப் பார்சல் அறையில் சீட்டு ஒட்டப் போட்டார்கள். பட்டையை மட்டும் கழற்றவில்லை. பர்வீன் மேடம் மேல் பழியைப் போட்டு வெளியே அனுப்பினார்கள், பூனாவில் இருப்பதாகக் கேள்வி.

என் கால் என்னவோ என்னிடம்தான் இருந்தது. லாரியில் போகும்போது கவனித்துப் பார்ப்பேன். கவனித்தால் தட்டு வராது. மறந்திருக்கும்போது வந்துவிட்டுப் போயிருக்கும். ஒன்றே ஒன்றுதான் விளங்கவில்லை. டில்லியும் தட்டுகிறவன்தானே, அவன் பெட்டி ஏன் தட்டவில்லை?

போன தை மாதம் டில்லியின் தங்கை மகளுக்கு ஏலகிரியில் வளைகாப்பு. அவன் ஓட்ட முடியாது. என்னிடம் பழைய மாருதி ஒன்று இருக்கிறது, யார் காலையும் கற்றுக்கொள்ளத் தெரியாத வண்டி. "மச்சான், நீ வந்து இட்டுக்கினு போயேன்" என்று கேட்டான். அமுலு விடியுமுன் எழுந்து ஐந்து வகைச் சாதம் கிளறினாள்.

விழா முடிந்து மதியம் மூன்று மணிக்கு மலையிறங்கினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. டில்லி என் பக்கத்தில், அமுலு பின்னால். வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வளையலை எண்ணியது, பாயசத்தில் முந்திரி இல்லாதது.

மூன்றாவது வளைவில் டில்லி சிரித்தான்.

"இன்னும் தட்டிக்கினுதாண்டா கீற."

"எது?"

"ரெட்டத் தட்டு. எனக்கு அது போயே போச்சு."

"போச்சா? எப்போ?"

"கேன்டீன்ல நீ சொன்னல்ல, கூடையோட பொம்பளைங்கன்னு. மேடம் காதுலயும் உழுந்துச்சோன்னு வெக்கமா போச்சுடா. பதிவு மூணு மாசமும் கட்ட விரல மடக்கி வெச்சிக்கினுதான் ஓட்டினேன். தட்டக் கூடாது, தட்டக் கூடாதுன்னு. எப்படி நான் ஜெயிச்சேன்னே தெரியல போ."

நான் ரோட்டைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"மேடம்தான் கடைசியில கண்டுபிடிச்சாங்களாம்" என்றான். "போன்ல சொன்னாங்க. தட்டு வந்தா உடம்புக்கு முன்கூட்டியே சேதி போயிடுதாம். நாம தூங்கினாகூட உடம்பு பிடிச்சிக்குதாம். அதான் வாந்தி வர்றதில்லியாம். அத்த நான் மடக்கி வெச்சிட்டேன்."

"அது தெரிஞ்ச கததானண்ணே" என்றாள் அமுலு பின்னாலிருந்து. "இவரு வண்டியில நான் என்னிக்காவது வாந்தி எடுத்திருக்கனா? இவரையே கேளு."

கேட்க வேண்டியதில்லை. எடுத்ததில்லை. பதினேழு வருடமாக அது என் கண்ணில் படவில்லை.

"அப்ப ஏன் நீ என் வண்டியில தூங்கினதே இல்ல?" என்றேன்.

"நல்லாக் கேட்ட. ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்து ஓட்டற ஆளு நீ. நான் கண்ண மூடினா அடுத்த நிமிஷம் நீ மூடுவ. அதான் வாய் வலிக்கப் பேசிக்கினு வரேன். எனக்கு மட்டும் முந்திரி கத பேச ஆசையா?" வளையல் குலுங்கக் கையை வீசினாள். "அன்னிக்கி அந்த வண்டியில ஓட்டற சீட்டுல ஆளே இல்ல. யாருக்காக முழிச்சிக்கினு இருக்கறது? தட்டு வந்துச்சி. நம்ம ஆளுதான்னு தெரிஞ்சி தூங்கிட்டேன். அப்புறம் பாத்தா டில்லிண்ணன் பேர சொல்றாங்க. சரி, அவரும் அதே குவாரிதான, அவரும் தட்டுவாருன்னு உட்டுட்டேன்."

ஒன்பதாவது வளைவில் ஓரமாக இடம் இருந்தது. நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னேன். தகடு, நகம், முப்பது வினாடி, பர்வீன் மேடத்திடம் சொன்ன பொய். எல்லாவற்றையும் ஸ்டியரிங்கைப் பார்த்துத்தான் சொன்னேன்.

கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வந்து எங்களைத் தாண்டிப் போனது. டில்லி குனிந்து கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுப் பட்டையைப் பார்த்தான். அதன் கீழே தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது.

"பிரியாணி நேரத்துலயா?"

"ஆமாடா."

"அதான் லேட்டா வந்தியா. உன் பங்கு முட்டைய எவனோ எடுக்கப் பாத்தான். நான்தான் எடுத்து மூடி வெச்சிருந்தேன்."

நான் அந்த முட்டையைத் தின்றேன். நினைவிருக்கிறது.

"டில்லி..."

"எறங்கு."

"இன்னாடா?"

"எறங்குடா. நான் ஓட்டறேன்."

"பட்டை கத்தும்டா. எல்லாத்தையும் பிடுங்கிக்குவாங்க."

"இன்னாத்த பிடுங்குவாங்க, பார்சல் ரூமையா? ஒன்ற வருஷமா கம்பெனிக்காரன் காலத் தூக்கிக்கினு நடக்கறேன். எறங்கு."

இறங்கினேன். பின் கதவைத் திறந்தேன். அமுலு ஜன்னல் ஓரம் நகர்ந்து உட்கார்ந்தாள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்தாள்.

"அமுலு..."

"வாய மூடிக்கினு வா."

டில்லி பெடலில் கால் வைத்ததும் பட்டை கத்த ஆரம்பித்தது. மெல்லிய, விடாத சத்தம். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாவது வளைவில் வண்டி முரட்டுத்தனமாகத் திரும்பியது. பதினொன்றில் திணறியது. கால் வழி மறந்திருந்தது. பன்னிரண்டாவது வளைவுக்கு முன்னால் அவன் தோள் தளர்வதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று விரிந்தது.

ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

என் கை தானாக முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். விடியுமுன் எழுந்தவள், பேசிக் களைத்தவள், புருஷன் ஓட்டாமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதால் விழித்திருக்க வேண்டாதவள். கன்னத்தில் அழுத ஈரம் காயவில்லை, தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூங்கிவிட்டாள்.

வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் மெல்ல ஏறியது. கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை எந்தத் தகட்டை மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.